இருதய அறுவைக்கு முன் பட்டினி வேண்டாம்

அறுவை முடிந்த பின்

இருதய அறுவை சிகிச்சை செவ்வனே முடிந்து, நாடி சீராகி, உறவினர் முகத்தில் தெளிவு பிறக்கும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான், முதியவர் ஒருவர் தம் மகளையே யாரென்று வினவுவதும், மாட்டைக் கட்டவேண்டும் என்று கையிலுள்ள ஊசிக்குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுவதும் நிகழ்கின்றன. கொல்லிமலையின் குண்டனி நாட்டிலிருந்து 70 வளைவுகள் இறங்கி வருவோரிடம் இந்தச் சித்தக் குழப்பத்தைக் காணுந்தோறும், அறுவைக்கு முன்பு என்ன ஆகாரம் கொடுத்தீர்கள் என்று கேட்கிறேன். "பத்தியமுங்க டாக்டர், கஞ்சித் தண்ணி மட்டுந்தானுங்க" என்பதே பெரும்பாலும் விடை.

முதுமை, தூக்கமின்மை, நோய்த்தொற்று, மயக்க மருந்து எனக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குறைந்தவர்களிடம் இக்குழப்பம் அதிகம் என்பதைப் பல தேசத்து ஆய்வுகள் காட்டியுள்ளன. எடை, ஆல்புமின், ஹீமோகுளோபின், சர்க்கரை ஆகியவற்றை முன்னரே பார்த்துவிடலாம்.

பேயும் அன்று, பைத்தியமும் அன்று

காற்றுக் கருப்பு என்று தாயத்துக் கட்டுவோரும், புத்தி நிரந்தரமாகக் கெட்டதென்று அழுவோரும் அறியவேண்டுவது, பெரும்பாலோருக்கு இச்சித்தக் குழப்பம் சில நாளில் தெளியும் என்பதே. பிதற்றாமல், உண்ணாமல், சுவரைப் பார்த்தபடி சோர்ந்து கிடப்பதும் இதே குழப்பந்தான். அதனை ஓய்வென்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

முட்டையும் பருப்பும் தையலில் சீழ் வைக்கும் என்ற அபிப்பிராயத்திற்கு ஆதாரம் சிறிதும் இல்லை. புண் ஆறுவதற்கே புரதம் வேண்டும். மாநிலமெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல் மாவட்டத்திலேயே நோயாளிக்கு அது மறுக்கப்படுவதைக் காண மனம் பொறுக்கவில்லை. முடவாட்டுக்கால் சூப் ருசியானதே. ஆனால் அது ஒரு செடியின் கிழங்கு, முட்டைக்கு ஈடாகாது. பருத்த சரீரம் போஷணைக்குச் சாட்சி என்பதும் தவறு. பருமனான நீரிழிவு நோயாளியிடமும் புரதக் குறைவைக் காண்கிறோம்.

இவை எல்லாவற்றினும் கொடியது, கடையில் தூக்க மாத்திரை வாங்கிவந்து, மருத்துவர் அறியாமல் நோயாளிக்குக் கொடுப்பது. குழப்பத்தைத் தணிப்பதாக எண்ணி அதனை வளர்க்கும் இச்செயலை எத்தனை முறை கண்டித்தாலும் நிற்கவில்லை.

என் வேண்டுகோள்

2009 முதல் அரசுக் காப்பீட்டினால் ஏழைகளுக்கும் இருதய அறுவை சிகிச்சை எட்டியிருக்கிறது. தேதி குறித்தபின் கிடைக்கும் இரண்டு வாரத்தையேனும், தயவுசெய்து, ஆகாரத்திற்குச் செலவிடுங்கள். சாமைச் சோற்றோடு மொச்சையோ அவரையோ, முட்டை, பால் ஆகியவற்றைக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். திடீரென நின்ற குடியும் நடுக்கத்தையும் பிதற்றலையும் கொணரும். மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் கூடவே வரட்டும். பழகிய ஒருவர் அருகிருந்து, பகலில் பேச்சுக் கொடுத்து, கிழமையையும் இடத்தையும் சொல்லிக்கொண்டிருப்பது பெருந்துணை.

வீடு திரும்பிய பின்னர் பேச்சுக் குழறினாலோ, ஆள் அடையாளம் தப்பினாலோ, அது மூளையில் இரத்தம் கசிவதாகவோ அடைப்பாகவோ இருக்கக்கூடும். விடியட்டும் என்று காத்திராமல் அப்பொழுதே 108 வண்டியை அழையுங்கள்.