பழஞ்சிக்குக் காத்திருக்கும் 38 லட்சம் கோடிப் பேர்!



இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? இட்லியா, புரோட்டாவா, டீயும் பிஸ்கட்டுமா? எதுவாக இருந்தாலும் அதை நீங்கள் மட்டும் சாப்பிடவில்லை. உங்களோடு பந்தியில் உட்கார்ந்தவர்கள் சுமார் 38 லட்சம் கோடிப் பேர்!

யார் அவர்கள்? நம் உடம்பில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான். அத்தனை பேரையும் தராசில் வைத்தால் 200 கிராம்தான் இருக்கும். நம் உடல் செல்களைப் போலப் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் உண்டு என்றுதான் முன்பெல்லாம் சொல்லி வந்தார்கள். 2016-இல் விஞ்ஞானிகள் மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்து, ஏறத்தாழ சரிக்குச் சரிதான் என்று திருத்தினார்கள்.

இவர்களில் பெரும்பாலோர் இருப்பது பெருங்குடலில். அங்கேதான் சிக்கல்! நாம் சாப்பிடுவது இரைப்பையைத் தாண்டி, நீளமான சிறுகுடல் முழுவதையும் கடந்து, கடைசியாகத்தான் பெருங்குடலுக்கு வரும். சர்க்கரை, மைதா மாவு, எண்ணெய் ஆகியவற்றைச் சிறுகுடலே பெரும்பாலும் உறிஞ்சி எடுத்துவிடும். பந்தியில் கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு வெறும் இலைதான் மிச்சம்! நம்மால் செரிக்க முடியாமல் கீழே இறங்கி வருகிற நார்ச்சத்துதான் அவர்களுக்குச் சாப்பாடு. கீரை, பயறு, காய்கறி, தவிடு நீக்காத தானியம் எல்லாம் அந்த வகை.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பார்களா? மாட்டார்கள். நார்ச்சத்தைப் புளிக்க வைத்து, 'பியூட்டிரேட்' என்ற பொருளைச் செய்து தருவார்கள். லத்தீன் மொழியில் வெண்ணெய்க்கு உள்ள பெயரிலிருந்து வந்த சொல் இது. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்கு முக்கிய உணவே இதுதான். அது மட்டுமல்ல, அந்தச் சுவரில் அழற்சி வராமல் தணித்து வைப்பதும் இதன் வேலை.

அழற்சி என்றால்? விளையாடும்போது விழுந்து முட்டியில் சிராய்ப்பு வந்தால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கும் இல்லையா? அதுதான் அழற்சி. கிருமியை எதிர்த்து உடம்பு நடத்தும் சண்டை அது. இரண்டு மூன்று நாளில் அடங்கிவிட்டால் நல்லது. குடலுக்குள்ளே அடங்காமல் மாதக்கணக்கில் நீடித்தால்? வயிற்றுவலி, பேதி, மலத்தில் ரத்தம் என்று ஆளை உருக்கிவிடும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன் நோய் என்று மருத்துவர்கள் சொல்வது இந்த வகை நோய்களைத்தான். இவை வருவதற்குப் பரம்பரை முதலான வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் சாப்பாட்டின் மேல் போட முடியாது.

ஆனால் சாப்பாட்டை மாற்றினால் குடல் மாறுமா? இதை ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் வாழும் கறுப்பின மக்கள் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேர். இரண்டே வாரத்துக்கு இவர்கள் சாப்பாட்டை அவர்களுக்கும், அவர்கள் சாப்பாட்டை இவர்களுக்கும் கொடுத்தார்கள். கிராமத்துக்காரர்களுக்குப் பர்கரும் வறுவலும். நகரத்துக்காரர்களுக்கு நார்ச்சத்து மிகுந்த பருப்பும் சோளமும். முடிவு 2015-இல் வெளியானது. நகரத்துக்காரர்களின் குடலில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கு ஆனது, அழற்சி குறைந்தது. பாவம், கிராமத்துக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ்! 14 நாளில் இவ்வளவு மாற்றம்!

சரி, நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் ராமகிருஷ்ணா என்ற குடல்நோய் மருத்துவரும் அவருடைய குழுவும் காலரா நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். காலரா வந்தால் உடம்பிலுள்ள நீரெல்லாம் பேதியாகப் போய்விடும், உயிருக்கே ஆபத்து. அதற்கு உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுப்பது வழக்கம். இவர்கள் அந்தக் கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்தார்கள். அது சாதாரண மாவு அல்ல. சிறுகுடலில் எளிதில் செரிக்காத வகை. அது நேரே பெருங்குடலுக்குப் போனது. அங்கே இருந்த பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்துக் கொடுத்த பொருள்களின் உதவியால், பெருங்குடல் உப்பையும் நீரையும் கூடுதலாக உறிஞ்சிக்கொண்டது!

மொத்தம் 48 நோயாளிகள். வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. இந்த மாவுச்சத்து சேர்த்துக் குடித்தவர்களுக்கு 57 மணி நேரம்தான். 2000-ஆம் ஆண்டில் உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளியானது. அடுத்த ஆண்டில், டாக்காவில் நடந்த ஆய்வில் வேகவைத்த வாழைக்காய் நாள்பட்ட பேதியால் வாடிய குழந்தைகளுக்குக் கைகொடுத்தது. வாழைக்காயிலும் இந்தச் செரிக்காத மாவுச்சத்து நிறைய உண்டு. வாழைக்காய் துவரனைத் தட்டில் ஒதுக்கி வைப்பவர்கள் கவனிக்கவும்!

இப்போது தலைப்புக்கு வருகிறேன். வடித்த சோறு ஆறும்போது, அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கு இப்படி எளிதில் செரிக்காததாக மாறிவிடுகிறது. ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி இரவு வைத்தால் பழைய சோறு. எங்கள் இரணியல் பக்கம் அது பழஞ்சி. ராத்திரியில் அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகும். அந்த இளம்புளிப்பு அவர்கள் கைவண்ணம்தான். கூடக் கடிக்கிறோமே சின்ன உள்ளி, அதிலும் பெருங்குடல் பாக்டீரியாக்கள் விரும்பும் ஒரு வகை நார்ச்சத்து இருக்கிறது.

நான் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் புரோட்டா தின்ற பையன் உரக்கச் சொல்வான். பழஞ்சி குடித்த பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு "கஞ்சி சார்" என்று முணுமுணுக்கும். அந்தப் பிள்ளை ஏன் தலை குனிய வேண்டும்? சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள், 2020-க்குப் பிறகு, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவும் என்று பெரிய ஆய்விலேயே இறங்கினார்கள். தமிழக அரசு அதற்கு நிதியும் ஒதுக்கியது.

அதற்காகப் பழஞ்சி மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். வயிற்றுவலி நீடித்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ வெட்கப்படாமல் அன்றே அம்மாவிடம் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும். குடல் அழற்சி ஏற்கெனவே உள்ளவர்கள் நார்ச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்படிதான். நோய் தீவிரமாக இருக்கும்போது சிலருக்கு நார் ஒத்துக்கொள்ளாது.

பழஞ்சி செய்யும்போதும் கவனம் தேவை. சோற்றை நாள் முழுக்கத் திறந்து போட்டுவிட்டு ராத்திரியில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆறியதும், கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைச் சோறு மூழ்கும்படி ஊற்றி, சுத்தமான மண்சட்டியில் மூடி வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் காலையிலேயே குடித்துவிட வேண்டும். லேசான புளித்த வாசம் வரலாம். நாற்றம் அடித்தாலோ, சோறு நூல் நூலாக இழுத்தாலோ தொடவே வேண்டாம், கொட்டிவிடுங்கள்!