உமிழ்நீரும் ஓர் அமானிதமே!



2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையை வேளாங்கண்ணிக் கடற்கரை மறக்காது. ஆழிப்பேரலைக்கு இரையான யாத்ரீகர்களில் பலர் வெளியூரார். இன்னார் என்று சொல்ல ஆளின்றி எத்தனையோ உடல்கள் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன. அதே அலை, கடலுக்கப்பால் இலங்கையின் கல்முனையில் ஒரு கைக்குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது. 2005 பிப்ரவரியில், டி.என்.ஏ. எனும் மரபணுச் சோதனை உறவை மெய்ப்பித்த பின்னரே அக்குழந்தை தாய்மடி சேர்ந்தது.

ஆம், மரபணு அறிவியல் ஓர் அருட்கொடை, ஐயமில்லை. குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பது போலவே நிரபராதியை விடுவிக்கவும் அது துணை நிற்கிறது. ஆனால், ஐயத்தின் பேரில் ஒருவரிடம் பெற்ற இரத்தமும் உமிழ்நீரும் வழக்கு முடிந்த பின் என்னவாகின்றன? இதை நாம் சிந்தித்ததுண்டா?

சட்டம் சொல்வது என்ன?

1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டம் விரல்ரேகை, காலடித் தடம், புகைப்படம் ஆகியவற்றோடு நின்றது. அதன் இடத்தில் 2022 ஆகஸ்ட் 4 முதல் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் நடைமுறையில் உள்ளது. கண்ணின் கருவிழிப் பதிவு முதல் உயிரியல் மாதிரிகளும் அவற்றின் பகுப்பாய்வும் வரை இதில் அடங்கும். தண்டிக்கப்பட்டவர் மட்டுமல்லர், கைதானவரும் இதன் வரம்பிற்குள் வருகிறார். பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் பாதுகாக்கும். இருபது வயதில் கைதான இளைஞரின் பதிவு அவருடைய தொண்ணூற்றைந்தாம் வயது வரை இருக்கலாம்!

கைது வேறு, குற்றம் வேறு. நம் காவிரிப் படுகையில் 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவை எதிர்த்துப் போராடியோரும் கைதாகிச் சிறை சென்றனர். மண்ணுக்காக நின்றவரையும் கொலைகாரரையும் ஒரே பேரேட்டில் எழுதலாகுமா?

குடும்பத்தின் இரகசியம்

கைரேகை ஒருவருக்கு மட்டுமே உரியது. மரபணுவோ பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் அனைவரின் அடையாளத்தையும் சுமப்பது. மகனிடம் பெற்ற மாதிரி, காவல் நிலைய வாசலையே மிதித்திராத தாயின் உடற்கூற்றையும் ஓரளவு வெளிப்படுத்தக் கூடும். அனுமதியின்றிப் பிறர் இல்லத்தினுள் நுழையலாகாது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். உடலின் உள்ளறைக்கு அந்த ஒழுக்கம் வேண்டாமா?

இங்கிலாந்தில் பதினொரு வயதில் கைதாகி, பின்னர் விடுதலையான சிறுவனின் மாதிரியைக் காவல்துறை அழிக்க மறுத்தது. குற்றவாளி என்று தீர்க்கப்படாதோரின் மரபணுவை இவ்வாறு காலவரையின்றி வைத்திருப்பது தனிவாழ்வுரிமை மீறலே என்று 2008 டிசம்பர் 4இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து உரைத்துள்ளனர்.

நாம் அறிய வேண்டியவை

பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றமோ, ஏழாண்டுகள் அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்குரிய குற்றமோ அல்லாத வழக்கில் கைதானவர், உயிரியல் மாதிரி தர மறுக்கலாம்; குற்றவியல் நடுவர் ஆணையிட்டால் நிலைமை வேறு. முன்பு சிறைத் தண்டனைக்குரிய குற்றம் எதிலும் தண்டிக்கப்படாத ஒருவர் விடுதலையாகி, மேல்முறையீடுகளும் முடிந்துவிட்டால், நடுவரோ நீதிமன்றமோ காரணம் எழுதி வேறு விதமாக ஆணையிட்டாலன்றி அவருடைய பதிவை அழித்தாக வேண்டும். ஆகவே, விடுதலைத் தீர்ப்பின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். வழக்கறிஞர் வாயிலாக, மாநில அரசு இதற்கென நியமிக்கும் அதிகாரியிடம் எழுத்து மூலம் கோருங்கள்.

ஆனால் அழிக்கச் சொல்லி ஏழை எளியவர் அலைவதுதான் முறையா? விடுதலை கிடைத்ததும் பதிவு தானே அழிய வேண்டும்; அழிந்ததை உரியவருக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். மரபணு ஆய்வகங்களை ஒழுங்குபடுத்த 2019இல் மக்களவையில் அறிமுகமான மசோதாவும் 2023இல் திரும்பப் பெறப்பட்டு விட்டது.

ஒரு தேவைக்காக நம்பி ஒப்படைத்த பொருளைத் தேவை முடிந்ததும் உரியவரிடம் சேர்ப்பதே அமானிதம் பேணுதல். அது தனிமனிதருக்கு மட்டுமல்ல, அரசுக்கும் கடமையே!