வளையும் கத்தி

நல்ல கத்தி என்றால் வளையாமல் விறைப்பாக இருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? மீனில் முள்ளை விட்டுச் சதையை மட்டும் எடுக்கும் ஃபில்லட் கத்தி, வளைந்தால்தான் நல்ல கத்தி!

ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய பின்லாந்து ஊர் ரொவானியேமி. அங்கே 1928 முதல் கத்தி செய்துவருகிறது மார்ட்டீனி நிறுவனம். அவர்களுடைய மீன் கத்தியைப் பார்த்தால், பிர்ச் மரக் கைப்பிடியிலிருந்து அலகு நுனிவரை ஒல்லியாகிக்கொண்டே போகும். காரணம் மீனின் உடம்பில் இருக்கிறது. விலா முள் வளைந்தல்லவா இருக்கிறது? மெல்லிய அலகும் கூடவே வளைந்து, முள்ளை ஒட்டியே வழுக்கிக்கொண்டு போகும். சதை அதிகம் வீணாகாது. என்ன அருமையான யோசனை பாருங்கள்!

ஆனால் அதே கத்தியை மான் இறைச்சிக்கு எடுத்தால் சரிப்படாது. மூட்டையும் தசைநாரையும் அறுக்க, விறைப்பான, குட்டையான அலகுதான் வேண்டும்.

மீன் கத்தி வாங்கும்போது, நுனியை ஒரு பலகையில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். வளைய வேண்டும், கையை எடுத்ததும் பழையபடி நேராக வேண்டும். கைப்பிடி ஈரக்கையில் வழுக்காமல் இருக்கிறதா என்பதையும் பார்த்தே வாங்குங்கள்.