தோளில் ஏறிய வாயு

உடற்பருமனைக் குறைப்பதற்கான ரண சிகிச்சை செய்துகொண்டவரிடம் மறுநாள் காலையில் மருத்துவர் வந்து, எங்கே நோகிறது என்று கேட்டால், அவர் வயிற்றைக் காட்டாமல் தோள்பட்டையைக் காட்டுவது சகஜம். பக்கத்தில் துணைக்கு இருக்கும் உறவினரோ, கத்தி பட்டது வயிற்றிலாயிருக்க வலி தோளுக்கு எப்படி வந்தது என்று திகைத்து, மாரடைப்போ என்றுகூடக் கலங்கிவிடுவார். காரணம் விசித்திரமானதே ஒழிய விபரீதமானதன்று. லாபராஸ்கோப்பி முறையில், வயிற்றில் சிறு துளைகள் சிலவற்றை இட்டு, உள்ளே கருவிகள் இயங்குவதற்கு இடம் வேண்டி, கரியமிலவாயுவைச் செலுத்தி வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல் உயர்த்திக்கொள்கிறார்கள்; வேலை முடிந்து வாயுவை வெளியேற்றிய பிறகும் எஞ்சி நிற்பது உதரவிதானத்தின் அடியில் ஒதுங்கி அதை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்துத் தண்டுவடத்திலிருந்து புறப்படுவது. தோளின் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகளும் ஏறக்குறைய அதே இடத்தைச் சேர்ந்தவையாதலால், மூளை முன்னதன் முறையீட்டைப் பின்னதன் முறையீடாக எடுத்துக்கொண்டுவிடுகிறது.

இதை எல்லோரும் 'கேஸ்' என்று சொல்லிவிடுவதனால்தான் அனர்த்தம் விளைகிறது. கேஸ் என்றதும் வீட்டுப் பெரியவர்கள் ஓமத் தண்ணீரையும், இளையவர்கள் சோடாவையும் சிபாரிசு செய்கிறார்கள். இந்த வாயு குடலுக்குள் இருப்பதன்று, குடலுக்கு வெளியே இருப்பது. ஏப்பத்தினால் அது நீங்காது. இரத்தத்தில் கலந்து மூச்சுவழியே தானாகவே வெளியேறிவிடும்; அதற்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் கொடுத்து, இதமான ஒத்தடமும் வராந்தாவில் மெதுவான நடையும் மேற்கொள்வதே போதும். சோடாவோ, தையல் காயாத இரைப்பையை உப்பச் செய்து இல்லாத உபாதையை உண்டாக்கும். நடக்கச் சொல்லும் நர்ஸைக் கல்நெஞ்சக்காரி என்று நோயாளி நினைப்பதுண்டு. ஆனால் பருத்த சரீரத்தில், படுத்த படுக்கையாய் இருக்கும் கால்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளும் அபாயத்தை அவள் அறிவாள்.

1966-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சையைத் தொடங்கியபோது வயிற்றை நீளக் கீறித்தான் செய்தார்கள். 1990-களில் துளைவழி முறை வந்தது. இருமினால் நெடிய காயம் முழுவதும் வலித்த அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால், தோள்வலி மலிவான விலைதான்.

ஆயினும் முதல் நாட்களின் மெய்யான போராட்டம் வலியோடு அன்று, தண்ணீரோடு. 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேலேயே அகற்றிவிடுகிறார்கள். 'பைபாஸ்' என்னும் மாற்றுவழி முறையில் மிஞ்சும் பை ஏறத்தாழ 30 மில்லி கொள்வது. இரண்டும் வீங்கியிருக்கும் வேளை வேறு. நான் பார்த்த ஓர் அம்மாள், மருந்துப் புட்டியின் மூடியளவு கிண்ணத்தில் இளநீரை வைத்துக்கொண்டு, உதட்டை நனைப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாய்க் கால் மணி நேரத்தில் அதைத் தீர்த்தார். ஒரு மடக்கு அவசரப்பட்டு விழுங்கியதும் நெஞ்சுக்குழியில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அப்பொழுது பார்த்து டிபன் கேரியரோடு வந்த தங்கை, "அக்கா, ஒரு வாய் கஞ்சிதானே, என்ன செய்துவிடும்?" என்று கெஞ்சத் தொடங்கினாள். அன்பு நம்மிடையே பெரும்பாலும் சோற்று ரூபமாகவே வெளிப்படுவதால், இச்சிகிச்சைக்கு முன்னால் நோயாளிக்கு மட்டும் உபதேசம் செய்வது பாதி வேலைதான் என்பது என் அபிப்பிராயம்; சமையலறையை ஆள்பவரையும் உடன் உட்காரவைத்துப் பேசவேண்டும்.

ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்குப் பசி அவ்வளவாகத் தோன்றுவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பைப் பெரும்பாலும் தயாரித்த பாகம் வெட்டி நீக்கப்பட்டுவிட்டது. இதனால் குடிக்கவும் மறந்துபோகிறார்கள். உடலில் நீர் வற்றி மறுபடி ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிறவர்கள் பலர்; மூத்திரம் அடர்ந்த மஞ்சளாகி, எழுந்து நின்றால் தலை சுற்றுவதே அதன் அடையாளம். நீர்மோரும் வடிகட்டிய பருப்புத் தண்ணீரும் டாக்டர் அனுமதித்த நாளிலிருந்து சிறுகச் சிறுகத்தான். பைபாஸ் ஆனவருக்குச் சர்க்கரை கலந்த பானம் கொடுத்தால், வேர்த்து விறுவிறுத்து நெஞ்சு படபடக்கும். வலிக்கு, வீட்டு அலமாரியில் கிடக்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகளை எடுத்துப் போட்டுக்கொள்வது, முக்கியமாகப் பைபாஸ் ஆனவர்களுக்கு, இணைப்பில் புண்ணை வரவழைப்பதாகும். எழுதிக்கொடுத்த மருந்து எதுவோ அது மட்டுமே.

மூன்றாம் நாள் இரவு வாக்கில், இதை ஏன் செய்துகொண்டோம் என்று அழாதவர் குறைவு என்று வார்டில் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். களைப்பும், ஆறுதலுக்குச் சாப்பிட்டே பழகிய ஒருவருக்கு அந்த ஆறுதல் திடீரென்று இல்லாமற்போனதும் சேர்ந்து செய்யும் வேலை இது; அதை நன்றிகெட்டதனமாக எண்ணிக் கடிந்துகொள்ளும் உறவினர்கள் நோயாளியின் அவஸ்தையை இரட்டிப்பாக்குகிறார்கள்.

இவையெல்லாம் நாளுக்கு நாள் குறையவேண்டிய கஷ்டங்கள். குறையவேண்டியது ஏறுமுகமானால் சங்கதி வேறு. தையல் இடத்தில் கசிவு ஏற்பட்டால், பலவேளைகளில் அது வீடு திரும்பிய பின்னரே தலைகாட்டும். வயிற்றில் பெரிய வலி இல்லாமலே நாடி மட்டும் ஓடத் தொடங்குவதும் உண்டு. சும்மா படுத்திருக்கையில் நிமிஷத்துக்கு 120-க்கு மேல் துடிப்பது, ஜுரம், மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், தணிந்த தோள்வலி மீண்டும் மூள்வது ஆகியவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. போனில் பேசுகிற டியூட்டி டாக்டர் புதியவராய் இருக்கலாம். என்ன ஆபரேஷன், என்று நடந்தது, நாடி எவ்வளவு என்ற மூன்றையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிட்டு மற்றதைப் பிறகு சொல்லவேண்டும்.