பக்கவாத மீட்சியும் மூளைச் செயற்பாட்டுப் படமாக்கமும்: கண்ணாடி சிகிச்சையை முன்வைத்து

திறவுச்சொற்கள்: பக்கவாதம், நெடுங்கால மீட்சி, இயக்கப் புறணி, எஃப்.எம்.ஆர்.ஐ., கண்ணாடி சிகிச்சை

முன்னுரை

ஆரணி முதலிய ஊர்களிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் ஒருவருக்குப் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தால், அக்கை மீண்டும் கருவியைப் பற்றுமா என்பதே அவர்தம் முதல் வினாவாக இருக்கும். ஆறு மாதத்திற்குள் வராதது பின்னர் வாராது என்னும் கருத்து நெடுங்காலம் வழங்கிவந்தது. அக்கருத்தை ஆராயச் செயற்பாட்டுக் காந்த ஒத்ததிர்வுப் படமாக்கம் (எஃப்.எம்.ஆர்.ஐ.) எவ்வளவு துணைசெய்கிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

படம் அளப்பது எதனை?

இம்முறைக்கு அடிப்படையான காந்தக் குறியலையை 1990இல் செய்ஜி ஒகாவா குழுவினர் விளக்கினர். மூளையின் ஒரு பகுதி செயல்படும்போது அங்கே தேவைக்கும் மிகுதியாக உயிர்வளி ஏறிய இரத்தம் பாய்கிறது. உயிர்வளி இழந்த ஹீமோகுளோபினின் காந்தப் பண்பு வேறாதலால் அம்மாற்றம் படத்தில் பதிவாகிறது. ஆகவே கருவி காண்பது நரம்புச் செல்லின் செயலை அன்று. அதைத் தொடரும் இரத்த ஓட்டத்தை. பக்கவாதமோ இரத்தக்குழாய் சார்ந்த நோய். குழாய்கள் பழுதுற்ற இடத்தில் குறியலை தாமதமாகவோ குறைந்தோ எழக்கூடும். அதனைச் செயலின்மை என்று படித்துவிடுதல் எளிதில் நேரும் பிழை.

இன்னொரு சிக்கல் முயற்சியின் அளவு. வலுக்குன்றிய கையால் ஒரு பொருளைப் பற்றுவதற்கு மிகுந்த முயற்சி வேண்டும். மிகுந்த முயற்சி மூளையில் மிகுந்த செயலாகத் தோன்றும். நிக் வார்டு குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நல்ல தீர்வு கண்டனர். ஒவ்வொருவரும் தத்தம் உச்சப் பிடிவலிமையின் குறிப்பிட்ட விகிதத்திலேயே பற்றவேண்டும் என வகுத்து, எட்டு நோயாளிகளை ஓராண்டுக் காலம் பலமுறை படமெடுத்தனர். தொடக்கத்தில் இரு அரைக்கோளங்களிலும் பரந்து காணப்பட்ட செயல், கை தேறத்தேறச் சுருங்கியது. கூடுதல் ஒளிர்வே கூடுதல் மீட்சி என்று எண்ணுவோர் இம்முடிவைக் கருதவேண்டும்.

கண்ணாடியும் மூளையும்

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்டோரின் மாய உறுப்பு வலிக்காகக் கண்ணாடியைப் பயன்படுத்தியவர். அவர் பங்குபெற்ற குழு, 1999இல் ‘லான்செட்’ இதழில், பக்கவாதம் கண்டு குறைந்தது ஆறு மாதம் கடந்த ஒன்பது பேரிடம் அம்முறையைச் சோதித்து எழுதியது. நல்ல கையின் பிம்பம் நலிந்த கை அசைவதுபோலத் தோன்றும். ஒப்பீட்டிற்காக ஒளி ஊடுருவும் நெகிழித் தகடும் பயன்படுத்தப்பட்டது. ஆய்வு சிறிது, எனினும் காலம் கடந்தவரைத் தேர்ந்தமையே அதன் சிறப்பு எனக் கருதலாம்.

2011இல் மிக்கில்சன் குழுவினர் நெதர்லாந்தில் நாட்பட்ட நோயாளிகள் நாற்பதின்மரிடம் ஆறு வாரப் பயிற்சியளித்து, அவருள் ஒரு பகுதியினரை எஃப்.எம்.ஆர்.ஐ. கொண்டும் ஆராய்ந்தனர். கண்ணாடிக் குழுவில் இயக்கப் புறணியின் செயற்சமநிலை பாதிக்கப்பட்ட அரைக்கோளத்தின் பக்கம் நகர்ந்தது. கையியக்கமும் சற்றே மேம்பட்டது. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த மேம்பாடு நிலைக்கவில்லை.

கை அறவே அசையாதவர் பற்றுதற் சோதனையைச் செய்ய இயலாது. அதனால் ஓரளவு தேறியோரே இத்தகைய ஆய்வுகளில் மிகுதியும் இடம்பெறுகின்றனர். ஏனையோர்க்கு ஆய்வாளரே கையை அசைத்துப் படமெடுப்பதும், ஓய்வுநிலையில் மூளைப் பகுதிகளிடையே உள்ள தொடர்பை அளப்பதும் கைக்கொள்ளப்படுகின்றன.