மயக்கம் வருமுன் மூன்று கரண்டி சீனி

பண்டமாரானில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அன்று வெள்ளிக்கிழமை விரதம். இனிப்புநீர் நோய்க்கான இன்சுலின் ஊசியை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டார். பத்து மணிக்கெல்லாம் உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. "சாமி வந்திருக்கு" என்றார் ஒருவர். வந்தது சாமியல்ல, இறங்கியது இரத்தத்திலுள்ள சீனி!

மருத்துவமனைத் தொண்டூழியர்களும் பராமரிப்புப் பயிற்சி பெறுவோரும் முதலில் அறிய வேண்டியது இதைத்தான். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் 100 பேரில் 31 பேருக்கு இனிப்புநீர் நோய். சீனி ஏறுவதற்கு அஞ்சுகிறோம். இறங்கினால் மூளைக்கு எரிபொருள் கிடைக்காது என்பதை மறந்துவிடுகிறோம்.

அளவு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் ஆபத்து. கருவி இல்லையென்றால் அறிகுறியே போதும். நோயாளிக்கு நினைவிருந்து, விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 'சீனியில்லா' பானங்கள் உதவாது. 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். ஏறாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு அவசியம்.

நினைவில்லையென்றால் வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள். மருத்துவமனை வார்டில் என்றால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். நீங்களாக எதுவும் கொடுக்கக் கூடாது.

பாட்டியின் பேத்தி பராமரிப்புப் பயிற்சி மாணவி. அவள் கரைத்துக் கொடுத்த சீனித் தண்ணீரில்தான் பாட்டி தெளிந்து உட்கார்ந்தார். விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது!