ஏட்டய்யா தாத்தா ஆன கதை

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ஒருவருடைய ஆயுசுக்குக் கிடைப்பது இரண்டே வரிதான். பெயருக்குக் கீழே 'ஓய்வு பெற்ற எஸ்.எஸ்.ஐ.' என்றிருக்கும், அதற்கும் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், 'பேரன் பேத்திகளின் பாசமிகு தாத்தா'. படம் பெரும்பாலும் சீருடையில் எடுத்தது. ஸ்டூடியோக்காரர் பின்னணியை அழித்துவிட்டு மேகம் வைத்திருப்பார். தெருவில் போகிறவர்கள் முதல் வரியை உத்தியோகம் என்றும் இரண்டாவதைக் குணம் என்றும் தனித்தனியாகப் படித்துக்கொள்கிறார்கள். என் கணக்கில் இரண்டாவது வரி முதல் வரியின் விளைவு. போலீஸ்காரர் பேரப்பிள்ளைகளிடம் இப்படி உருகுவதற்குக் காரணம், சொந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவாக இருக்க அவருக்கு நாள் கிடைக்காமல் போனதுதான். அதைச் சொல்லாத அஞ்சலி பாதி அஞ்சலி.

காவலர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று 1861-ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. சென்னை மாகாணத்துக்கு 1859-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் பழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். 2019-ல் காமன் காஸ் அமைப்பும் சிஎஸ்டிஎஸ் ஆய்வு மையமும் பல மாநிலங்களில் சுமார் 12,000 காவலர்களிடம் பேசி வெளியிட்ட அறிக்கைப்படி, அவர்களுடைய சராசரி வேலைநேரம் ஒரு நாளைக்கு 14 மணி. இரண்டு பேரில் ஒருவருக்கு வார ஓய்வே இல்லை. தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்த முறைப்படி, இரண்டாம் நிலைக் காவலர் முதல்நிலைக் காவலராக 10 ஆண்டு, அதிலிருந்து ஏட்டாக 5, ஏட்டு எஸ்.எஸ்.ஐ. ஆக இன்னும் 10. இருபத்திரண்டு வயதில் சேர்ந்தவர் அந்தத் தோள்பட்டை நட்சத்திரத்தைப் பார்க்கும்போது வயது 47. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன வருஷங்கள் முழுக்க அவர் 'போ' என்றால் போகிற இடத்தில்தான் இருந்திருக்கிறார்.

எங்கே போனார் என்று காலண்டரைப் பார்த்தால் தெரியும். ஊருக்குத் திருவிழா என்றால் அவருக்குப் பந்தோபஸ்து. சித்திரையில் மதுரை, கார்த்திகையில் திருவண்ணாமலை. அக்டோபர் 30 பசும்பொன் குருபூஜை. 2024-ல் அதற்கு மறுநாளே தீபாவளி வந்தது. கமுதி பக்கம் வெயிலில் நின்றுவிட்டு விடிவதற்குள் வேறு மாவட்டத்தில் இருக்கிற வீட்டுக்குத் திரும்பி, பிள்ளைக்குப் பட்டாசு கொளுத்திக் கொடுக்க எத்தனை பேரால் முடிந்திருக்கும்? பிறந்த நாளுக்கும் திருமண நாளுக்கும் விடுப்பு கொடுங்கள் என்று 2021-ல் டிஜிபி சைலேந்திர பாபு உத்தரவு போட வேண்டியிருந்தது. நல்ல உத்தரவு. ஆனால் அதற்கும் ஓர் உத்தரவு தேவைப்பட்டது என்பதே அதுவரை இருந்த நிலைமைக்குச் சாட்சி.

அந்தத் தலைமுறையில் எந்த ஆண்தான் பிள்ளை வளர்த்தான், போலீஸ்காரருக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது; வீட்டை ஒற்றை ஆளாகத் தாங்கிய மனைவிமாருக்குச் சுவரொட்டியில் ஒரு வரிகூடக் கிடையாது என்பதையும் சேர்த்தே கேட்கலாம். ஆனால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பிள்ளையைத் தூக்கவில்லை என்றாலும் சாயங்காலம் ஆறரைக்குத் திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவருக்கும் ராத்திரி டியூட்டி உண்டு. ஆனால் அடுத்த டியூட்டி எப்போது என்று டிப்போவில் எழுதிப் போட்டிருப்பார்கள், தப்பினால் கேட்கச் சங்கம் இருக்கிறது. காவலர் சங்கம் சேர 1966-லேயே நாடாளுமன்றம் கட்டுப்பாடு போட்டுவிட்டது. அதனால்தான் ஓய்வு பெற்ற மறுநாள் அவரிடம் தெரியும் மாற்றம் அவ்வளவு பளிச்சென்று இருக்கிறது. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கால் மணி முன்னாலேயே, ஒட்ட வெட்டிய முடியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, பாரா நிற்கிறவர் மாதிரி கேட்டைப் பார்த்து விறைப்பாக ஒரு தாத்தா நிற்பார். பேத்தி வந்ததும் அந்த விறைப்பு தளர்ந்து, புத்தகப்பை இவர் தோளுக்கு மாறிவிடும். (ஓய்வு வயதை 2020-ல் 59 என்றும் 2021-ல் 60 என்றும் உயர்த்தினார்கள். சம்பளக் கணக்கில் லாபம். பேத்தி கணக்கில் இரண்டு வருஷம் நஷ்டம்.)

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. 2020-ல் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவல் நிலையச் சித்திரவதைக்கு ஆளாகி இறந்த பிறகு, லத்தி பிடித்த கைக்கு இத்தனை கரிசனம் எதற்கு? வீட்டில் நல்ல தாத்தா என்பது ஸ்டேஷனில் அடித்ததற்கு மன்னிப்பு ஆகாது. அந்தக் கணக்கு நீதிமன்றத்தில் தீர வேண்டியது. ஆனால் நான் கேட்பது புகழுரை இல்லை, விவரம். எந்த ஸ்டேஷன், எத்தனை வருஷம் பாரா, எத்தனை வருஷம் ரைட்டர், யாருக்கு உதவினார், எதில் தவறினார் என்று எழுதினால் வெள்ளையடிப்புக்கு இடம் குறையும். 'பாசமிகு' என்று மட்டும் போட்டு முடிப்பதுதான் எல்லாவற்றையும் மறைக்கிற சுண்ணாம்பு. பணிப்பதிவேட்டில் மாறுதலும் தண்டனையும் வெகுமதியும் இருக்கும். வீட்டில் இல்லாத ராத்திரிகளுக்கு அதில் பக்கம் கிடையாது. அவரும் பேரனிடம் பழைய கேஸ்களைச் சொல்லியிருக்க மாட்டார்.

காவலர் முதல் ஏட்டு வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் அரசாணையும் வந்தது. பசும்பொன் வாரத்தில் அந்த ஆணை என்ன ஆகிறது என்று எந்த ஸ்டேஷன் ரைட்டரிடமும் கேட்டுப் பாருங்கள். டியூட்டி நோட்டைத் திருப்பிக் காட்டுவார்.